லவால் என்னும் ஸ்கொட்லாந்து

மொன்றியலில் இருக்கும் ஊர்ச் சங்கங்களில் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று போசகர்களும் உண்டு. வெளிவிவகாரச் செயலாளர் என்று ஒருவரை வைத்திருப்பது கொன்றையடி மக்கள் ஒன்றியம் மட்டும்தான். அந்தப் பதவியில் ஒன்பது வருடமாக இருப்பவர் கிருபானந்தன். அவருக்கு வயது அறுபத்தொன்று. சென்ட் லோரன்டில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் பகல் வேலையின் மேற்பார்வையாளர்.

கொன்றையடி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சைக்கிளில் போக ஆறு நிமிடம். நாய் துரத்தினால் நாலு. அந்த ஊர்க் குடும்பங்களில் நாற்பத்தெட்டு இப்போது மொன்றியலில் வசிக்கின்றன. நாற்பத்தெட்டுக் குடும்பத்துக்கு எதற்கு வெளிவிவகாரம் என்று கேட்பவர்களைக் கிருபானந்தன் பரிதாபமாகப் பார்ப்பார். எதிரி இல்லாமல் எந்த நாடு இருந்திருக்கிறது?

எதிரி உருவான கதையைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னர் ஒன்றியம் ஒன்றாகத்தான் இருந்தது. அந்தக் கோடை ஒன்றுகூடலில் கயிறிழுத்தல். ஒரு பக்கம் தீவுக்குள் இருக்கிற மொன்றியல்காரர். மறுபக்கம் ஆற்றுக்கு வடக்கே லவாலில் வீடு வாங்கிப் போனவர்கள். லவால் அணிக்குத் தலைவர் அருமைராசா. அவர் கிருபானந்தனின் மனைவி யோகராணிக்கு ஒரேயொரு அண்ணன். நடுவர் கிருபானந்தன்; விசில் அவர் வாயில் இருந்தது. அவர் 'தயார்' என்று ஒருமுறை ஊதினார். மொன்றியல்காரர் அதையே 'இழு' என்று எடுத்து இழுத்தார்கள். லவால்காரர் நாலடி வந்து புல்லில் குப்புற விழுந்தார்கள். வெற்றி செல்லும் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார்.

அருமைராசா எழும்பி, முழங்காலைத் தட்டி, கயிற்றைக் கீழே போட்டார். பிறகு நேரே சமையல் பக்கம் போய், சங்கத்தின் பெரிய கிடாரத்தைக் கழுவாமலே தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நூற்றைம்பது பேருக்குச் சோறு அவிக்கிற கிடாரம் அது. அடுத்த மாதம் கொன்றையடி மக்கள் ஒன்றியம் லவால் என்று ஒன்று பிறந்தது. அன்றிலிருந்து கயிறு இங்கே, கிடாரம் அங்கே. மொன்றியல் ஒன்றியம் ஆறு சின்னச் சட்டிகளில் சோறு அவிக்கிறது. லவால் ஒன்றியம் இழுக்கக் கயிறில்லாமல் சாக்கோட்டம் ஓடுகிறது. இரண்டு ஒன்றுகூடலும் வருடா வருடம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கும். யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டாமா?

அந்தப் பிளவுக்குப் பிறகு நடந்த நிர்வாகத் தெரிவில் கிருபானந்தன் செயலாளர் பதவிக்கு நின்று இரண்டு வாக்கால் தோற்றார். தோற்ற மனிதர் வருடம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பாரே என்று பயந்த நிர்வாகம், வெளிவிவகாரம் என்ற பதவியை அந்த இடத்திலேயே செய்து கொடுத்தது. அவர் அதைச் சமாதானப் பரிசு என்று எடுக்கவில்லை. அமைச்சு என்று எடுத்தார்.

முதல் எட்டு வருடம் அவருடைய அமைச்சு கொள்கை இல்லாமல்தான் நடந்தது. கொள்கை போன வருடம் யூலை முதலாம் திகதி பார்க் எக்ஸ்டென்ஷன் நடைபாதையில் கிடைத்தது. அன்று கியூபெக்கில் பாதிப்பேர் வீடு மாறும் நாள். வேண்டாத மெத்தை, கால் உடைந்த கதிரை, புத்தகப் பெட்டி எல்லாம் தெருவில் இருக்கும். அந்தப் பெட்டிகளில் ஒன்றிலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அவர் எடுத்தார். இங்கிலாந்தைத் தியூடர் பரம்பரை ஆண்ட நூற்றுப்பதினெட்டு வருடத்தில் அயல்நாடுகளையும் போட்டி நாடுகளையும் அது எப்படிக் கையாண்டது என்பதுதான் புத்தகம். யாரோ ஒரு பல்கலைக்கழக மாணவன் சோதனைக்காக மஞ்சள் பேனையால் முக்கிய வரிகளுக்கு நிறம் பூசியிருந்தான்.

கிருபானந்தன் மஞ்சள் வரிகளை மட்டும் படித்தார். "முக்கியமானதை ஆரோ படிச்ச பெடியன் தெரிஞ்சு தந்திருக்கிறான். மிச்சத்தை ஏன் படிப்பான்?" என்பது அவர் நியாயம். வேலை இடைவேளையில் கோப்பியோடு ஒரு பக்கம், பஸ்ஸில் இரண்டு பக்கம் என்று மூன்று மாதத்தில் மஞ்சள் முழுவதையும் முடித்தார். மாணவன் ஸ்பெயினின் கடற்படை தோற்கும் இடம் வரைதான் பூசியிருந்தான். அதற்குப் பிறகு பேனை காய்ந்ததோ, சோதனை முடிந்ததோ தெரியாது. கடைசி அத்தியாயம் வெள்ளையாகவே கிடந்தது. ஆகவே கிருபானந்தனின் உலகத்தில் இங்கிலாந்து இன்றைக்கும் ஸ்பெயினை வென்றுகொண்டே இருக்கிறது.

அதன் பிறகு எல்லாமே அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மொன்றியல் ஒரு தீவு. ஆகவே அது இங்கிலாந்து. வடக்கே நிலம் முட்டுகிற தொல்லை ஸ்கொட்லாந்து, ஆகவே லவால். ஆள்பலமும் பணபலமும் உள்ள பேரரசு ஸ்பெயின், அது ரொறன்ரோ. பிரான்ஸ் எது என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது. அவரைச் சுற்றி எல்லாரும் பிரெஞ்சுதான் கதைத்தார்கள். முப்பத்தைந்து வருடமாக 'பொன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டு சொல்லோடு அவர்களோடு சமாளித்து வந்தவர் அவர். அதைத் தம் பிரான்ஸ் கொள்கை என்று அறிவித்துவிட்டார்.

கிடாரம்தான் கலே. கலே என்பது பிரான்ஸ் கரையில் இங்கிலாந்திடம் கடைசியாக இருந்த துறைமுகம். அது பறிபோனபோது மேரி ராணி, தான் செத்தபின் நெஞ்சைத் திறந்து பார்த்தால் அங்கே கலே கிடக்கும் என்றாளாம். அந்த வரிக்கு மாணவன் இரண்டு தரம் மஞ்சள் பூசியிருந்தான். கிருபானந்தன் அதை நிர்வாகக் கூட்டத்தில் வாசித்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டார்.

"கொலஸ்ரோலுக்குக் குளிசை போடுறனீங்கள்தானே?" என்று கேட்டார் தலைவர்.

கொள்கை வேகமாக நடைமுறைக்கு வந்தது. லவால்காரரின் வட்ஸ்அப் குழுவுக்குள் திடீரென்று யாரோ ஒரு கயிற்றின் படத்தைத் தினமும் காலையில் போடத் தொடங்கினார்கள். கேட்டபோது கிருபானந்தன், "ஒன்றியத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார். எலிசபெத் ராணியும் தன் கடற்கொள்ளைக்காரரைப் பற்றி ஸ்பெயின் தூதுவரிடம் அப்படித்தான் சொன்னாளாம். ராணி கொள்ளையில் பங்கு வாங்கினாள். கிருபானந்தனுக்குக் கிடைத்தது தன் கைபேசியில் கயிற்றின் முப்பத்தொரு படங்கள்.

இந்த நிலையில்தான் வீட்டுக்குள் கல்யாணம் வந்தது.

மகள் ஜெயனிக்கு ஆவணியில் திருமணம். மாப்பிள்ளை பிரம்டன் பெடியன், ரொறன்ரோ பக்கம். கிருபானந்தனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"ஸ்பெயினோட சம்பந்தம்!" என்றார்.

"அப்பா, அந்த ஸ்பெயின் கலியாணம் எப்பிடி முடிஞ்சதெண்டு பாத்தனீங்களோ? எட்டாம் ஹென்றி அந்த ஸ்பெயின் இளவரசியைத் தள்ளி வைக்கிறதுக்காக மதத்தையே மாத்தினவர்," என்றாள் ஜெயனி. அவள் மருந்தகம் ஒன்றில் வேலை செய்கிறாள். வீட்டில் தமிழும் வெளியில் பிரெஞ்சும் கோபத்தில் இரண்டும் கதைப்பாள்.

"அது மஞ்சள் பூசேல்லை," என்றார் தகப்பன்.

யோகராணிக்கு ஸ்பெயினும் வேண்டாம் கலேயும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று காலையில் பொம்பிளையை இருத்தி, பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையிலும் தோளிலும் வைப்பார்கள். அதைப் பாலறுகு வைப்பது என்பார்கள். பிறகுதான் தலையில் தண்ணீர் வார்ப்பார்கள். கொன்றையடியில் முதல் அறுகு தாய்மாமனுடையது. யோகராணியின் கல்யாணத்தில் அவள் மாமன் வைத்தார். ஜெயனிக்கு அருமைராசா வைக்க வேண்டும். வேறு ஆள் வைத்தால் பொம்பிளைக்கு மாமன் இல்லையா என்று சபை கேட்கும். சபை கேட்காவிட்டாலும் யோகராணி கேட்பாள், மிச்சக் காலம் முழுக்க.

அண்ணனும் தங்கையும் ஞாயிறு தோறும் தொலைபேசியில் கதைப்பார்கள். மழை, முழங்கால், மரக்கறி விலை எல்லாம் வரும், கயிறு வராது. வீட்டுக்குப் போவதும் வருவதும் மட்டும் நின்றுபோயிருந்தது. லவாலுக்குள் கால் வைத்தால் பிரிந்து போன சங்கத்தை அங்கீகரித்ததாகிவிடும் என்பது வெளிவிவகார அமைச்சின் நிலைப்பாடு.

அந்த நிலைப்பாட்டின்படி கிருபானந்தன் அழைப்பிதழைத் தபாலில் போட்டார். மேலே 'திரு. திருமதி அருமைராசா, லவால்' என்று எழுதினார். 'தலைவர்' என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லை விட்டதில் அவருக்கு இரண்டு நாள் சந்தோஷம்.

ஞாயிறு வந்தது. யோகராணி தொலைபேசியை எடுத்தாள்.

"அண்ணை, காட் வந்ததோ?"

"ஓம், வந்தது. நல்ல காட். முன்னுக்கு யானை எல்லாம் நிக்குது."

"வருவியள்தானே?"

அருமைராசா, "பாப்பம்," என்றார்.

எங்களுடைய ஆட்களின் 'பாப்பம்' என்ற சொல்லைப் பற்றித் தனியாக ஒரு ஆராய்ச்சி செய்யலாம். அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. பிள்ளை சைக்கிள் கேட்டால் பாப்பம். சங்கத்துக்கு நிதி கேட்டால் பாப்பம். பிரிந்து போகிற நண்பர்கள் வாசலில் நின்று சொல்வதும் அதே பாப்பம். அங்கே அதற்கு மறுபடி சந்திப்போம் என்று அர்த்தம். எந்த நேரம் எந்த அர்த்தம் என்பதைக் குரலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கிருபானந்தன் குரலைக் கேட்கவில்லை. மனைவி திருப்பிச் சொன்ன சொல்லை மட்டும் கேட்டார். கேட்டவுடன் எழும்பிப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

"இதுதான்! இதைத்தான் எலிசபெத் இருபது வருசத்துக்கு மேலை செய்தவ. பிரான்ஸ் ராசாவின்ர தம்பி கேட்டான், ஒஸ்ரியாக் கோமகன் கேட்டான், சுவீடன் ராசா கேட்டான். ஒருத்தருக்கும் ஓம் சொல்லேல்லை, ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லேல்லை. எல்லாருக்கும் பாப்பம்! உம்மட கொண்ணர் எங்களை இழுத்தடிக்கிறார்."

"அவர் மருமகளின்ர கலியாணத்துக்கு வாறதைப் பற்றிக் கதைக்கிறார்."

"நீர் அப்பிடி நினைக்கிறீர்," என்றார் அமைச்சர்.

கிருபானந்தன் உச்சி மாநாடு ஒன்று கூட்டுவதென்று முடிவு செய்தார். ஆயிரத்து ஐந்நூற்று இருபதில் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியும் பிரான்ஸ் ராஜாவும் ஒரு வெளியில் சந்தித்தார்கள். யாரும் யாருக்கும் மேலே நிற்கக்கூடாது என்று மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி நிலத்தைச் சமமாக்கினார்கள். தங்கச் சரிகைக் கூடாரங்கள், விருந்து, மல்யுத்தம். மல்யுத்தத்தில் பிரான்ஸ் ராஜா ஹென்றியைக் கீழே போட்டார் என்கிறார்கள். இரண்டு வருடத்தில் இரண்டு நாடும் சண்டைக்குப் போய்விட்டன. கடைசி இரண்டு விஷயத்துக்கும் மஞ்சள் இல்லை.

சமமான நிலம் வேண்டும். லவாலுக்குள் போகமாட்டார், அருமைராசாவைத் தீவுக்குள் அழைத்தால் அவர் வரமாட்டார். கிருபானந்தன் மெற்றோ வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தார். தீவின் வடக்கு ஓரத்தில், ஆற்றுக்கு முன்னால் இருக்கிற கடைசி நிலையத்தின் பெயர் ஹென்றி பூராஸா.

"பேரைப் பாத்தீரோ? ஹென்றி!"

அது கியூபெக்கில் ஆங்கிலேயருக்கு எதிராக வாழ்நாள் முழுக்க எழுதிய ஒருவரின் பெயர் என்று ஜெயனி சொன்னாள். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

தூதுவராக றூபன் தெரிவானான். றூபன் லவாலில் குடியிருக்கிறான், கிருபானந்தனுக்குக் கீழே வேலை செய்கிறான். இரண்டு பக்கமும் பயப்பட வேண்டிய ஆள். போனான், வந்தான்.

"அண்ணை, அவை கொங்கோர்ட் மெற்றோவிலை சந்திக்கலாமாம். அதுக்குச் சமாதானம் எண்டுதானே அர்த்தமாம்."

"அது லவால் மண். ஏலாது. ஹென்றி பூராஸா. வாற சனி, பதினொரு மணி. வெளியிலை இருக்கிற வாங்கிலிலை. வாங்கில் சமமாத்தான் இருக்கு, நான் போய்ப் பாத்தனான்."

றூபன் மறுபடி போய் வந்தான். "சொன்னனான் அண்ணை."

"என்னவாம்?"

"பாப்பமாம்."

கிருபானந்தன் கையைத் தட்டினார். "சரி! வாறார்!"

அதே மனிதர், அதே சொல். ஞாயிற்றுக்கிழமை அது தந்திரம். புதன்கிழமை அது சம்மதம். வெளிவிவகாரம் என்பது இதுதான்போல.

வெள்ளிக்கிழமை அவர் மாநாட்டுக்குச் சட்டை அழுத்திக்கொண்டிருந்தபோது ஜெயனி குசினி மேசையில் அந்தப் புத்தகத்தை விரித்துவைத்துத் தாய்க்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பக்கங்களை.

"அம்மா, இதைக் கேளுங்கோ. ஏழாம் ஹென்றி தன்ர மகள் மாகிரெட்டை ஸ்கொட்லாந்து ராசாவுக்குக் கட்டிக் குடுத்தவர். ரெண்டு நாட்டுக்கும் நிரந்தர சமாதானம் எண்டு ஒப்பந்தம். இந்தக் கதையிலை அப்பா இதுவரைக்கும்தான் படிச்சிருக்கிறார்."

"பேந்து?"

"பத்து வருசத்திலை மாகிரெட்டின்ர தம்பியின்ர படை மாகிரெட்டின்ர புருசனை வெட்டிச் சாகடிச்சுப் போட்டுது."

யோகராணி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். "இதுக்குப் பேர் நிரந்தர சமாதானமோ?"

"இன்னும் இருக்கு. கடைசியிலை எலிசபெத் பிள்ளையில்லாமல் செத்துப்போனா. இங்கிலாந்து ஆருக்குப் போச்சு தெரியுமோ? அந்த மாகிரெட்டின்ர பூட்டப்பிள்ளைக்கு. ஸ்கொட்லாந்து ராசாவுக்கு. ஒரு வெடி வெடிக்கேல்லை. நூறு வருசமா இவை செய்த தந்திரமெல்லாம் விட்டுட்டு, அந்தப் பொம்பிளையின்ர சொந்தம்தான் வேலை செய்தது."

"அந்த மாகிரெட்டிட்டை ஆராவது ஒரு சொல்லுக் கேட்டவையோ?"

ஜெயனி இரண்டு பக்கம் புரட்டினாள். "கேட்டதா இதிலை இல்லை."

யோகராணி மறுபடி வெங்காயம் வெட்டத் தொடங்கினாள், முன்பைவிடச் சத்தமாக.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பார்க் நிலையத்தில் கிருபானந்தன் மெற்றோ ஏறினார். சட்டையில் குத்திய ஒன்றியத்தின் சின்னம், கையில் கோப்பு. கோப்பில் ஏழு அம்சத் திட்டம். முதலாவது அம்சம் கிடாரம், ஏழாவது அம்சம் கல்யாணம். பக்கத்தில் யோகராணியும் ஏறினாள். சேலை உடுத்தியிருந்தாள். மடியில் ஒரு துணிப்பை.

"நீர் எங்கை?"

"உங்களோடைதான்."

மாநாட்டுக்குப் பெண்களும் வருவது வழக்கம் என்று புத்தகத்தில் இருந்தது. ஆகவே அவர் மறுக்கவில்லை. ஜோன் தலோனில் மாறி ஆரஞ்சுப் பாதையில் ஏறினார்கள். ஹென்றி பூராஸா வந்தது. கதவு திறந்தது. அவர் இறங்கினார். அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"இறங்கேல்லையோ?"

"நான் அண்ணை வீட்டை போறன்."

"என்ன? நில்லும்! இண்டைக்கு மாநாடு—"

கதவு மூடியது. கண்ணாடிக்குள்ளால் அவள் துணிப்பையைத் திறந்து, வெற்றிலைத் தட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் தெரிந்தது.

கிருபானந்தன் வெளியில் போய் வாங்கிலில் உட்கார்ந்தார். பதினொன்றானது. பதினொன்றரையானது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு வயோதிபப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிரெஞ்சில் ஏதோ நீளமாகக் கேட்டாள். அவர் "மெர்சி" என்றார். அவள் எழும்பிப் போனாள்.

அதே நேரம் லவாலில், மொன்மொரான்சி நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், அருமைராசா சாரம் கட்டிக்கொண்டு முன்புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒழுங்கைக்குள் சேலையோடு வந்த பெண்ணைப் பார்த்துக் குழாயை அப்படியே விட்டார். குழாய் அவர் காலை நனைத்தது.

"யோகா!"

"அண்ணை, நீங்கள் இண்டைக்கு ஹென்றி பூராஸாவுக்குப் போகேல்லையோ? இவர் அங்கை காத்துக்கொண்டிருக்கிறார்."

"நான் போறன் எண்டு ஆர் சொன்னது?"

"பாப்பம் எண்டு சொன்னியளாம்."

"அது றூபனைக் கலைக்கிறதுக்குச் சொன்னது."

"அப்ப என்னட்டைச் சொன்ன பாப்பம்?"

அருமைராசா குழாயைத் தேடி எடுத்தார். தங்கையைப் பார்க்காமல் செவ்வந்திக்குத் தண்ணீர் விட்டார். "உன்னட்டைச் சொன்னது பாப்பம் எண்டுதான். கண்ணாலை பாப்பம். ஆக்கள் வீட்டை வந்தாத்தானே பாக்கலாம்? ஒம்பது வருசம். தபாலிலை யானைப் படம் வருது, ஆக்கள் வரேல்லை."

யோகராணி தட்டத்தை எடுத்து நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, மேலே இன்னொரு அழைப்பிதழ். அதில் மேலே அவள் கையெழுத்தில் 'அண்ணைக்கும் மச்சாளுக்கும்' என்று மட்டும் இருந்தது. அருமைராசா தட்டத்தைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"நீ வாறது தங்கச்சி வாறது. உனக்குக் கதவு எப்பவும் திறந்திருக்கு. கலியாணத்துக்குச் சொல்லுறதெண்டா மனுசனும் மனுசியுமாத்தான் வந்து சொல்லவேணும். உனக்குத் தெரியாததோ? அவன் வரட்டும். நான் தட்டத்தை வாங்குறன்."

"வராட்டி?"

"வராட்டி அவன்ர தலைவரைக் கொண்டு பாலறுகு வைக்கட்டும்."

யோகராணி படியில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தாள். வாங்கிலில் இருந்தவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"இஞ்சருங்கோ. மூண்டு ஸ்ரேசன். ஏறி வாங்கோ."

"யோகா, விளங்காமல் கதைக்காதையும். நான் அங்கை வந்தால் அது அங்கீகாரம். ஒம்பது வருசக் கொள்கை—"

"அண்ணை தட்டம் வாங்கேல்லை. நீங்கள் வந்தாத்தான் வாங்குவாராம். வந்தால் என்ர பிள்ளைக்கு மாமன் இருக்கு. வராட்டி இல்லை. ஸ்கொட்லாந்தும் இல்லை, சூனியமும் இல்லை. நான் இந்தப் படியிலை இருக்கிறன். நீங்கள் வரும்வரைக்கும் எழும்பமாட்டன்."

தொலைபேசி நின்றது. கிருபானந்தன் கோப்பைத் திறந்து ஏழு அம்சத்தையும் ஒருமுறை பார்த்தார். புத்தகத்தில் இப்படி ஒரு நிலைமைக்கு மஞ்சள் வரி இருக்கிறதா என்று யோசித்தார். ராணியே படியில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று எந்த அத்தியாயத்திலும் இல்லை. நிலையத்துக்குள் போனபோது இன்னொரு தடை. ஆறு தாண்ட வேறு டிக்கெட் வேண்டும். எல்லைக்கு எல்லைதான் என்று முணுமுணுத்துக்கொண்டு இயந்திரத்தில் வாங்கினார். மெற்றோ ஆற்றுக்குக் கீழே போகும்போது சட்டையிலிருந்த ஒன்றியச் சின்னத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். தனிப்பட்ட விஜயம், ஒன்றியத்தைக் கட்டுப்படுத்தாது.

படியில் யோகராணி இருந்தாள். பக்கத்தில் அண்ணன் மனைவியான மச்சாள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிக்கிடந்தது. அருமைராசா வாசலில் நின்றார். இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒன்பது வருடத்தில் ஒருவருக்கு மயிர் போயிருந்தது. மற்றவருக்கு வயிறு வந்திருந்தது.

"மச்சான், வாரும்," என்றார் அருமைராசா. "வீடு பாக்கேல்லைத்தானே. முதல்லை வீட்டைப் பாரும்."

வீட்டைச் சுற்றிக் காட்டினார். குசினி, நிலவறை, கராஜ். கடைசியாகப் பின்வளவு. பின்வளவின் நடுவில், வெயில் நன்றாக விழும் இடத்தில், கலே இருந்தது.

கிடாரம். விளிம்பு வரைக்கும் மண். மண்ணிலிருந்து தக்காளிச் செடிகள் கிருபானந்தனின் தோளுயரம் எழுந்து, தடிகளில் கட்டி நின்றன. பழங்கள் சிவந்து தொங்கின. குனிந்து பார்த்தால் அடியில் தண்ணீர் வடிய நாலு ஓட்டை. நேர்த்தியாகத் துளைத்த ஓட்டைகள். நூற்றைம்பது பேருக்குச் சோறு அவித்த கிடாரத்தில் இனி ஒரு கோப்பை தண்ணீரும் நிற்காது.

கிருபானந்தனின் கை நெஞ்சுக்குப் போனது. வாய் திறந்தது. முதலாவது அம்சம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

யோகராணி பின்கதவில் தட்டத்தோடு நின்றாள். தட்டத்தின் மேல் அழைப்பிதழில் யானைகள்.

கிருபானந்தன் வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"நல்லாக் காய்ச்சிருக்கு," என்றார்.

"ஓம்," என்றார் அருமைராசா. "அடி அகலம். வேருக்கு நல்லம்."

வேறு பேச்சுவார்த்தை நடக்கவில்லை. கிருபானந்தனும் யோகராணியும் தட்டத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நீட்டினார்கள். அருமைராசாவும் மச்சாளும் அதே மாதிரி வாங்கினார்கள். "பொம்பிளைக்கு முதல் அறுகு நீங்கள்தான் வைக்கவேணும்," என்று கிருபானந்தன் சொன்னார். சொல்லும்போது கண் மட்டும் கிடாரத்திலேயே இருந்தது. ஜன்னலுக்குள் அருமைராசாவின் மகன் விதுர்சன் ஜெயனிக்குத் தொலைபேசியில் பிரெஞ்சில் நேரடி வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு பேரும் ஒன்பது வருடமாக வாரம் தவறாமல் சந்தித்து வந்தவர்கள். போர் நடப்பது அவர்களுக்குத் தெரியும்; தெரிந்து சிரித்தார்கள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. காலையில் அருமைராசா பட்டு வேட்டியோடு வந்து முதல் அறுகை வைத்தார். அறுகிலிருந்து பால் கொஞ்சம் ஜெயனியின் மூக்கில் வடிந்தது. யோகராணி அழுதாள். ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்தவர்கள் படம் எடுத்தார்கள். சமைத்தது ஆறு சின்னச் சட்டிகளில்தான்.

இரண்டு ஒன்றியமும் ஒன்றாகவில்லை. வரும் கோடையிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பூங்காவில் கூடுவதாக இரண்டு பக்கமும் அறிவித்துவிட்டன. ஒன்றியத்தின் வருடாந்த அறிக்கையில் மட்டும் ஒரு பந்தி புதிது: 'வெளிவிவகாரச் செயலாளரின் இடைவிடாத இராஜதந்திர முயற்சியின் பயனாக லவாலுடன் நிரந்தர சமாதானம் எட்டப்பட்டுள்ளது.' எழுதியவர் வெளிவிவகாரச் செயலாளர். யோகராணியின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் அதை வாசித்துவிட்டு, "மாகிரெட்டுக்கும் இதே கதைதான்," என்றாள்.

அறிக்கையை வாசித்த நிர்வாகக் கூட்டத்தில் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அது சரி கிருபா, நீர் நேரை வீட்டை போய் வந்தனீர்தானே. எங்கட கிடாரம் அங்கை இருக்கோ? எப்ப தருவினமாம்?"

கிருபானந்தனின் காலடியில் ஒரு பை இருந்தது. லவாலிலிருந்து அன்று காலைதான் வந்த தக்காளி. அவர் பையைக் கதிரைக்குக் கீழே கொஞ்சம் தள்ளினார்.

"பாப்பம்," என்றார்.